சல்லிக்காசு வாங்காதவர்

சூப்பரண்டு ஓய்வு பெற்றது அவருக்கு வருத்தம். அவருடைய மனைவிக்கோ அது தண்டனை. ஆபீஸ் நிறையக் குமாஸ்தாக்களை மேய்த்துப் பழகிய மனிதருக்கு வீட்டில் மகனும் மருமகளும் இருந்தாலும் மேய்க்க அகப்படுகிறவள் மனைவி ஒருத்திதான் என்றால் அவள் கதி என்னவாகும், நீங்களே சொல்லுங்கள். பால் அடுப்பில் இருந்தால் பின்னால் வந்து நின்றுகொண்டு, "தீயைக் குறை, தீயைக் குறை" என்பார். துணி காயப்போட்டால் சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே இடைவெளி போதாது என்பார். அவள் குழாயை மூடிவிட்டு நகர்ந்ததும் போய் ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டு வருவார். ஆனால் தான் காபி குடித்த டம்ளரைக் கழுவும் தொட்டி வரைக்கும் கொண்டுபோய்ப் போடலாம் என்று மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"ஏங்க, வெளியில எத்தனையோ பேர் கஷ்டப்படறாங்க. போய் யாருக்காவது உதவி பண்ணுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றாள் அந்த அம்மாள் ஒருநாள். யாருக்குப் புண்ணியம் என்று அவள் சொல்லவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஓர் அறக்கட்டளையின் ஆஸ்பத்திரி இருந்தது. ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளப் போன சூப்பரண்டு, நுழைந்ததும் எதிரே 'விசாரணை' என்று பலகை மாட்டிய மேஜையையும் அதற்குப் பின்னால் காலி நாற்காலியையும் பார்த்தார். அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த பெண், புருஷனுக்கு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். பல்வலிக்காரர் பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடிகிற ஜாதியா நம் சூப்பரண்டு? போய் உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாளில், முதுகில் 'தன்னார்வலர்' என்று எழுதிய நீலக் கோட்டு ஒன்றை அவர்களே கொடுத்துவிட்டார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மனிதர் கெட்டிக்காரர். எந்த டாக்டர் எந்த அறை, எந்த நாள், எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. வரிசையில் புகுந்தவனை ஒரு பார்வை பார்த்தால் போதும், அவன் தானாகவே பின்னால் போய்விடுவான். நர்சுகள் கொண்டுவந்து வைக்கிற டீயைக்கூடக் குடிக்க மாட்டார். "நான் இங்க சல்லிக்காசு வாங்கறதில்லம்மா. டீ மட்டும் எதுக்கு?" என்பார். அப்படிச் சொல்லும்போது வரிசையில் நிற்கிறவர்கள் காதிலும் விழுகிற அளவுக்குக் குரலைச் சற்று உயர்த்துவார். டீ வீட்டுக்குப் போய்க் குடிப்பார். போட்டுக் கொடுக்க அங்கே மனைவியும் மருமகளும் இருந்தார்கள்.

இந்த மருமகள் ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பில் இருந்தவள். குழந்தை பிறந்ததும், "அது பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் நீ வேலைக்குப் போகலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போனபிறகு எல்லோருக்கும் அது மறந்துபோய்விட்டது. அந்த வருஷம் மகனுடைய கம்பெனி அவன் சம்பளத்தைப் பாதியாக வெட்டியது. வீட்டுக்கடனை யாரும் பாதியாக வெட்டவில்லை. அப்போதுதான் வீட்டில் இருந்தவர்களுக்கு அவள் படித்த படிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

விசாரணை மேஜைக்கு ஆள் எடுக்கப் போகிறோம் என்று ஆஸ்பத்திரியில் அறிவித்தார்கள். மருமகள் விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்குப் போனவளைப் பார்த்த நிர்வாகிக்குப் பரம திருப்தி. "ஆண்டு விழா முடியட்டும்மா, ஆர்டரைக் கையில குடுத்துடறோம்" என்றார். சூப்பரண்டுக்குத் தலைகால் புரியவில்லை. "என் சீட்டு என் மருமகளுக்குத்தான். நானே எழுந்து நின்னு உட்கார வைப்பேன்" என்று பார்க்கிலே நடக்கிற கூட்டாளிகளிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆண்டு விழாவில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள், பாருங்கள், அங்கேதான் கெட்டது.

சிறந்த தன்னார்வலர் என்று கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்றை அறக்கட்டளைத் தலைவர் கையால் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். சூப்பரண்டு எழுதிக்கொண்டு போயிருந்ததும் இரண்டே வார்த்தைதான், வணக்கமும் நன்றியும். சொல்லி முடித்ததும் கை தட்டினார்கள். ஆபீசில் இருந்த காலம் முழுக்க அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. அந்தச் சத்தம் உள்ளே இறங்கியதும் மனிதருக்குக் கிறுகிறுத்துவிட்டது. மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"காசுக்கு உட்கார்றவன் கடிகாரத்தைப் பார்ப்பான். சேவைக்கு உட்கார்றவன் நோயாளியோட முகத்தைப் பார்ப்பான். நான் கேக்கறேன், வழி சொல்ற நாற்காலிக்குச் சம்பளம் ஒரு கேடா? என் உடம்புல தெம்பு இருக்கிற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரி அந்த நாற்காலிக்காக ஒரு பைசா செலவு பண்ண வேணாம்" என்றார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் தலைவர். தட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்த நிர்வாகியின் காதில் ஏதோ சொன்னார். சூப்பரண்டு மேடையிலிருந்து தன் குடும்பத்தைத் தேடினார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் கை தட்டக்கூட மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நிர்வாகி மருமகளுக்குப் போன் செய்தார். ரொம்ப வருத்தம்தானாம். அந்த வேலையிடமே வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டாராம்.

போனை வைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்தாள். சூப்பரண்டு செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அவள் நகரவில்லை.

"மாமா, என்னை வச்சுக்கிட்டே அப்படிச் சொன்னீங்களே."

"உன்னைச் சொல்லலம்மா. பொதுவாத்தானே சொன்னேன்."

"பொதுவாச் சொன்னீங்க. எனக்குத் தனியாப் பலிச்சுடுச்சு."

செய்தித்தாள் தாழ்ந்தது.

"கடனுக்காக மட்டும் இல்ல மாமா, எனக்கு அந்த வேலை வேணும்" என்றாள். "ஒரு இடத்துக்குப் போய் நான் ஒரு வேலை பாத்தா, இந்தா இது உனக்குன்னு யாராவது என் கையில குடுக்கணும். இந்த வீட்டுல நானும் அத்தையும் விடிஞ்சதுல இருந்து செய்யறதும் வேலைதான். இதுக்குச் சம்பளம் இல்ல, சரி. உங்களுக்குக் குடுத்த மாதிரி ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்ல."

அந்தக் கண்ணாடித் துண்டு டிவிக்குப் பக்கத்தில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. "அதைத் தினம் தொடைக்கிறதும் நான்தான்" என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

சூப்பரண்டு செய்தித்தாளை மடித்து வைத்தார். கெட்டவர் இல்லை அவர், வாய்தான் கெட்டது. "நாளைக்கே போய்ப் பேசி முடிச்சுட்டு வரேன். நீ கவலைப்படாதே" என்றார்.

நிர்வாகி வயதில் சின்னவர். யார் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லத் தெரிந்தவர். அந்தத் திறமைக்காகத்தான் அவரை அந்த நாற்காலியில் வைத்திருந்தார்கள்.

"சார், நீங்களே மேடையில சொல்லிட்டு நீங்களே வந்து கேட்டா எப்படி? தலைவர் உங்க பேச்சை ரெக்கார்ட் பண்ணி மத்த கிளைக்கெல்லாம் அனுப்பியிருக்காரு. அங்கயும் இப்ப வழி சொல்ற வேலைக்கு ஆள் எடுக்கறதில்ல."

"அப்ப நான் நாளையிலிருந்து வரமாட்டேன். நாற்காலி காலியாக் கிடக்கும். என்ன பண்ணுவீங்க?"

"அய்யோ சார், அந்தக் கஷ்டமே உங்களுக்கு வேணாம். உங்க சிநேகிதர் பேங்க் மேனேஜர் ஒருத்தர் இருக்காருல்ல, மூணு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு. எப்ப காலியாகும்னு."

அடப்பாவி என்று சூப்பரண்டு அன்று சாயங்காலமே பார்க்குக்குப் போய் பேங்க் மேனேஜரைப் பிடித்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான், அவரையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் வெளியே அனுப்பியிருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, என் மருமகள் பிழைப்பு, நீ அந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று கெஞ்சினார்.

பேங்க் மேனேஜர் கைவீசி நடந்துகொண்டே கேட்டார். "நீ சேவை பண்ணலாம், கேடயம் வாங்கலாம். நான் பண்ணினா மட்டும் உன் மருமக பிழைப்பு கெட்டுடுமா? இது என்னய்யா நியாயம்?"

நியாயம் கேட்டால் சூப்பரண்டு எங்கே போவார்? நியாயமே இல்லாமல் ஒரு யோசனை செய்தார். சும்மா வேலை செய்கிறவன் உருப்படியாக வேலை செய்யமாட்டான் என்று ஆஸ்பத்திரிக்குப் புரியவைத்துவிட்டால், சம்பளத்துக்கு ஆள் போட்டுத்தானே ஆக வேண்டும்? இத்தனை நாள் ஒழுங்காகச் செய்துதான் வினையை இழுத்துக்கொண்டோம். இனிமேல் கெடுத்துக் காட்டுவோம்.

முதலில் நேரம் கழித்துப் போய்ப் பார்த்தார். "நீங்க வந்ததே பெரிசு சார்" என்றார் காவல்காரர். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாள் போகாமல் இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் நிர்வாகி ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஒரு கூடையோடு வீட்டுக்கு வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவள் மருமகள். டம்ளரை மேஜையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு, ஆளைத் திசை மாற்றி அனுப்ப ஆரம்பித்தார். அதற்கும் மனிதர் தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். நன்றாக நடமாடுகிறவர்களை மட்டும்தான் அலைய விடுவது, சுற்றிவிட்டு வந்தால் அவர்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. காதுவலியைத் தோல் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணாடி மாற்ற வந்தவனை எலும்புப் பிரிவுக்கு அனுப்பினார். போனவர்கள் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று காத்திருந்தார். திரும்பி வந்தவர்கள், "பரவாயில்ல சார், வயசாயிடுச்சு, பாவம், காசா வாங்கறீங்க?" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அதே வாரம் பணம் கட்டுகிற இடத்தில் இருந்த பெண் ஒரு நோயாளிக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டாள். அவளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டி, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். சூப்பரண்டு பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு திட்டு வாங்கக்கூட இங்கே சம்பளம் வாங்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வயிறெரிந்தது.

ஒருநாள் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஒரு பெரியவர், கூட அவருடைய மனைவி. காலுக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்றார் பெரியவர். சூப்பரண்டு நிமிர்ந்து பார்த்திருந்தால் வேட்டிக்குக் கீழே அந்தக் காலைப் பார்த்திருப்பார். பார்க்கவில்லை. கை தானாக மேலே காட்டியது. "மூணாவது மாடி" என்றார். கட்டு மாற்றுகிற அறை பக்கத்திலேயே, அவர் மேஜையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அன்றைக்கு லிஃப்ட் வேறு ஓடவில்லை.

பெரியவர் படியில் விழுந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்தபோது காலிலிருந்த கட்டு முழுக்க ரத்தமாக இருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஆறிக்கொண்டு வந்த புண் மறுபடி பிளந்துவிட்டது. சூப்பரண்டு எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் கழித்து அந்தப் பெரியவரின் மனைவி அவரிடம் வந்தாள். கைகூப்பினாள்.

"நீங்க மனசு கஷ்டப்படாதீங்கய்யா. கூலி வாங்காம இவ்வளவு பேருக்கு உட்கார்ந்து வழி சொல்றீங்க. நாங்கதான் சரியாக் காதுல வாங்கல போல" என்றாள்.

அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தேவலை. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சூப்பரண்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே நிர்வாகியின் அறைக்குப் போனார்.

"நான் வேணும்னே தப்பா அனுப்பினேன். இன்னிக்கு மட்டும் இல்ல, பத்து நாளா இதேதான் பண்ணிக்கிட்டு இருக்கேன். எனக்கு மெமோ குடுங்க."

"உங்களுக்கா? எதுக்கு சார் இப்படியெல்லாம் பேசறீங்க? ஏதோ அதிர்ச்சில இருக்கீங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி வேணாம். மெமோ குடுங்க. என் கையால எத்தனை பேருக்கு மெமோ குடுத்திருக்கேன் தெரியுமா? இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் குடுத்திருக்கேன்."

"குடுக்கலாம் சார், ஆனா எதைப் பிடிச்சுக்கிட்டு குடுக்கறது? சம்பள உயர்வை நிறுத்தலாம்னா சம்பளம் இல்ல. தற்காலிகமா நீக்கலாம்னா நீங்க வேலையிலயே இல்ல. சும்மா செய்யறவங்களை என்ன சார் பண்ண முடியும், நன்றிதான் சொல்ல முடியும்" என்று சொல்லி நிர்வாகி உண்மையிலேயே ஒரு நன்றியும் சொன்னார்.

ஆனால் விழுந்த பெரியவரின் மகன் விடுகிற ஆள் இல்லை. வழி சொன்னது யார், அவர் உங்கள் ஊழியரா, இல்லையென்றால் அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தார், யார் பதில் சொல்வது என்று எழுத்தில் கேட்டான். பதில் சொல்ல ஆளே இல்லை என்பது அப்போதுதான் தலைவருக்கு உறைத்தது. விசாரணை மேஜைக்குச் சம்பளத்தோடு ஓர் ஆளைப் போட்டுத் தொலையுங்கள் என்று உத்தரவு வந்தது.

மருமகளுக்கு மறுபடி போன் வந்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது, அன்றைக்குக் கேட்டது. அவள் பீரோவிலிருந்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். மகன் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான். சூப்பரண்டும் கூடவே கிளம்பினார். ஒரு பெரியவர் கால்புண்ணைப் பிளக்க வைத்துக் கிடைத்த வேலை என்ற உறுத்தல் அவருக்கு இல்லாமல் இல்லை. இருந்தாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு நிம்மதி, அதையும் மறைப்பானேன்.

நிர்வாகி இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். சிரித்தார். இல்லை என்று சொல்வதற்கு முன்னால் வருகிற சிரிப்பு அது என்று சூப்பரண்டுக்குத் தெரியும்.

"வேலை உங்களுக்குத்தாம்மா. அதுல சந்தேகமே இல்ல. ஒரே ஒரு சின்ன விஷயம். முதல் ஆறு மாசம் பயிற்சி. அதுக்குச் சம்பளம் கிடையாது. வேற யாரா இருந்தாலும் கேட்கவே தயங்கியிருப்போம். நீங்க சாரோட மருமக. உங்க குடும்பத்துக்குச் சேவைங்கறது ரத்தத்துல ஊறினது. தலைவரே சொன்னாரு, அந்த வீட்டுப் பொண்ணு காசைப் பெரிசா நினைக்காதுன்னு."

மருமகள் மாமனாரைப் பார்க்கவில்லை. நிர்வாகியைப் பார்த்தே பேசினாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"நான் ஏற்கெனவே இதே வேலையில இருந்தவ சார், எனக்குப் பயிற்சி வேணாம். இன்னொண்ணும் சொல்றேன். மாமா இங்க சும்மா வேலை பாத்தாருன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. அவரு ஒருநாள்கூடச் சும்மா வேலை பாக்கல. அவருக்கு மாசா மாசம் பென்ஷன் வருது. வீட்டுல நாங்க சமைச்சுப் போடறோம், துணி துவைச்சு இஸ்திரி போட்டுத் தர்றோம். உங்களுக்கு அவரு சும்மா கிடைச்சாரு, அவ்வளவுதான். அவருக்கு ஆகற செலவை வேற யாரோ குடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அப்படிக் குடுக்க யாரும் இல்ல. முதல் மாசத்துல இருந்து சம்பளம் குடுத்தா வரேன்."

சூப்பரண்டுக்குக் காது இரண்டும் சுட்டது. பொய் என்று ஒரு வார்த்தையைக்கூட அவரால் எடுத்துக் காட்ட முடியவில்லை. அந்தக் கோபத்துக்கு நடுவிலும், என்ன மாதிரி பேசுகிறாள் பார், இவளை அந்த மேஜையில் உட்கார வைத்தால் எப்பேர்ப்பட்ட கூட்டத்தையும் சமாளிப்பாள் என்று ஒரு பெருமையும் வந்தது.

நிர்வாகி பெருமூச்சு விட்டார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. சூப்பரண்டு பக்கம் திரும்பினார்.

"அப்ப சார், நீங்களே இந்த வேலையை எடுத்துக்கிட்டா என்ன? சும்மா இல்ல, சம்பளத்துக்கு. உங்களுக்கு அனுபவம் இருக்கு. மருமக சொன்னாங்களே, பென்ஷனும் வருது. அதனால பாதிச் சம்பளம் போதும் உங்களுக்கு. தலைவரும் சந்தோஷப்படுவாரு. நாளையிலிருந்து நீங்க எங்க ஊழியர். நீங்க கேட்ட மாதிரி தப்பு பண்ணினா மெமோவும் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இது என்ன அக்கிரமம் என்று சூப்பரண்டு கத்தியிருக்க வேண்டும். கத்தத்தான் வாயைத் திறந்தார், சத்தியமாக. ஆனால் அந்த வாய் ஆபீசில் பழுத்த வாய். வேலையில் இருந்த காலம் முழுக்க, மேஜைக்கு எதிரே யார் வந்து எதைக் கேட்டாலும் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ அது சொன்னதில்லை. லீவு கேட்டவனுக்கும் ஒரே பதில், மாற்றல் கேட்டவனுக்கும் ஒரே பதில், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அழுதவளுக்கும் அதே பதில். இப்போதும் அதுதான் வந்தது.

"பரிசீலனை பண்ணிச் சொல்றேன்" என்றார் சூப்பரண்டு.

மருமகள் அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். ஓ, நீங்களும் இவ்வளவுதானா என்கிற மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து நிர்வாகிக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில்தான் அவளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"பழக்க தோஷம்மா. வாயில அதுவா வந்துடுச்சு. வேணாம்னுதான் சொல்ல வந்தேன். உன் வேலையை நான் எடுத்துக்குவேனா?"

"எடுத்துக்க மாட்டீங்கதானே மாமா?"

"சேச்சே. என்ன கேள்வி இது."

"அப்ப உள்ள போய் அதைச் சொல்லிட்டு வாங்க. நீங்க மாட்டேன்னுட்டா அவங்களுக்கு வேற வழியில்ல, ஆளில்லாம நாற்காலியை வச்சுக்க முடியாது. என்னைத்தான் கூப்பிடணும். நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். அவள் கண்ணில் ஒரு துளி நம்பிக்கை இன்னும் மிச்சம் இருந்தது.

"இதோ, ஒரு நிமிஷம்" என்று சூப்பரண்டு திரும்பி விறுவிறுவென்று நடந்தார். நிர்வாகியின் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட வேண்டும். முடியாது, உன் பாதிச் சம்பளத்தை நீயே வைத்துக்கொள், என் மருமகளுக்கு முழுச் சம்பளம் கொடு என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

விசாரணை மேஜையைச் சுற்றிக் கும்பல் நின்றது. நாற்காலி காலியாக இருந்தது. அவரைப் பார்த்ததும் அத்தனை முகங்களும் மலர்ந்தன. "அப்பாடா, சார் வந்துட்டாரு" என்றது ஒரு குரல். "சார், எக்ஸ்ரே எங்க எடுக்கணும்?" என்று ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். நின்றுகொண்டே சொன்னார். "சார், எனக்கு?" என்றார் அடுத்தவர். அந்தச் சீட்டை வாங்கிப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது, கண்ணாடி போட்டுக்கொள்ள உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தார். வரிசையைக் கலைத்துக்கொண்டு நின்றவனை ஒரு பார்வை பார்த்தார், அவன் பின்னால் போனான். அதற்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர். அன்றைக்கு அவர் ஒருத்தரைக்கூடத் தப்பாக அனுப்பவில்லை.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசல் கதவின் கண்ணாடி வழியாக கேட் தெரியும். முதல் தடவை நிமிர்ந்தபோது மருமகள் அங்கே உள்ளே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். இந்த ஒருத்தரை அனுப்பிவிட்டுப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த தடவை நிமிர்ந்தபோது கேட்டில் யாரும் இல்லை. அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"சார், இந்த டாக்டர் எந்த ரூம்?" என்று ஒரு கிழவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். சூப்பரண்டு அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.